வலி போகட்டும், சிறுநீரகம் போக வேண்டாம்

எலிக்காய்ச்சலும் டெங்குவும் நடமாடும் அந்தமான் மழைக்காலத்தில், காரணம் தெரியாமல் விழுங்கும் வலி மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது? சௌல்தாரி முதல் மோயாறு வரை ஒரு பார்வை.

தெற்கு அந்தமானில் மே மாதம் பிடிக்கும் மழை டிசம்பர் வரை முழுதாக விடுவதில்லை. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் வடகிழக்கு வந்துவிடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. போர்ட் பிளேர் என்று நாம் பழகிய, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட தலைநகரத்திலிருந்து சாலை வழியே போய்ச் சேரக்கூடிய ஊர் சௌல்தாரி. இது போன்ற ஊர்களில் தோப்பு வேலை, தோட்ட வேலை, மாடு கன்று பார்ப்பது, கட்டட வேலை என்று எதற்குப் போனாலும் மழைக்காலத்தில் கால் சேற்றில்தான் நிற்கும். மரம் ஏறி, மூட்டை தூக்கி, நனைந்து வீடு திரும்பும் உடம்பு வலிக்காமல் என்ன செய்யும்?

வலித்தால் மெடிக்கல். சென்னையானாலும் ராமநாதபுரமானாலும் அந்தமான் ஆனாலும் நம் ஆட்கள் கேட்கும் முறை ஒன்றுதான்: “உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்கண்ணே.” அட்டையிலிருந்து கத்தரித்த நான்கைந்து மாத்திரைகள் ஒரு காகிதப் பொட்டலத்தில் வரும். ஒன்று வலிக்கு, ஒன்று காய்ச்சலுக்கு, ஒன்று ‘கேஸ்’ மாத்திரை, சில நேரம் ஒரு சின்ன வெள்ளை ஸ்டீராய்டு மாத்திரை. பெயர் இருக்காது, அளவு இருக்காது. கத்தரித்த துண்டில் காலாவதித் தேதிகூட இருக்காது. “காலையில் ஒன்னு, ராத்திரி ஒன்னு, சாப்பிட்டுப் போடுங்க.” அவ்வளவுதான் மருத்துவம்.

பெரும்பாலும் வலி போய்விடும். அதனால்தான் இந்தப் பழக்கம் நிலைத்திருக்கிறது. ஆனால் வலியோடு காய்ச்சலும் இருந்தால், அதுவும் அந்தமானில் மழைக்காலமாக இருந்தால், இதே பொட்டலம் உயிருக்கே உலை வைக்கலாம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

தீவின் பழைய எதிரி

1980-களின் இறுதியில் வட அந்தமானின் திக்லிப்பூர் பகுதியில் ஒரு காய்ச்சல் பரவியது. கடும் காய்ச்சல், உடம்பு வலி, பிறகு இருமலில் ரத்தம், நுரையீரலுக்குள் ரத்தக்கசிவு, மரணம். தென்மேற்குப் பருவமழைக்குப் பிந்தைய அக்டோபர், நவம்பர் மாதங்களில் அது திரும்பத் திரும்ப வந்தது. என்ன நோய் என்று தெரியாததால் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று பெயர் வைத்தார்கள். போர்ட் பிளேரில் டாலிகஞ்சில் இருக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையம்தான் 1990-களில் புதிரை விடுவித்தது. அது லெப்டோஸ்பைரோசிஸ். நம் வழக்கில் எலிக்காய்ச்சல்.

தீவுக்கு இது புது விருந்தாளி அல்ல. சிறைக் குடியிருப்புக் காலத்திலேயே இங்கே இந்த நோய் இருந்ததை டெய்லர், கோயல் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 1931-இல் பதிவு செய்திருக்கிறார்கள். நடுவில் அறுபது ஆண்டுகள் அது மறந்துபோய், மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. இன்று போர்ட் பிளேர் மையம் எலிக்காய்ச்சல் ஆய்வில் உலக அளவில் பெயர் பெற்ற இடம். உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாக அறிவிக்கப்பட்டது.

எலி, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீர் வழியே கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் கலக்கிறது. வெறுங்காலோடு இறங்குகிறவரின் கால் வெடிப்பு, சிராய்ப்பு, புண் வழியாக உள்ளே நுழைகிறது. பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளில் காய்ச்சல் தொடங்கும். கவனிக்க வேண்டியது வலி எங்கே இருக்கிறது என்பதை: கெண்டைக்கால் சதையிலும் இடுப்பிலும். கெண்டைக்காலைக் கையால் லேசாக அழுத்தினாலே நோயாளி காலை இழுத்துக்கொள்வார். கண் சிவந்திருக்கும், ஆனால் பீளை தள்ளாது. தோப்பு வேலை செய்கிறவருக்கு இது உழைத்த களைப்பு மாதிரியே தெரியும். “நேத்து ரொம்ப வேலை, அதான் கால் வலி” என்று அவரே காரணமும் சொல்லிவிடுவார். மெடிக்கலுக்குப் போவார். செட் மாத்திரை வாங்குவார்.

ஆபத்து தொடங்கும் இடம் இது. எலிக்காய்ச்சல் கிருமி முக்கியமாகக் குறிவைப்பது சிறுநீரகத்தை. கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலை வரவழைக்கும். முற்றினால் ரத்தக்கசிவு. வலி மாத்திரைகளும் தாக்குவது அதே சிறுநீரகத்தை. அவையும் ரத்தம் உறையும் வேலையைத் தடுக்கின்றன. காய்ச்சலில் வியர்த்து, வாந்தி எடுத்து, தண்ணீர் குடிக்காமல் வற்றிக் கிடக்கும் உடம்பில் நோயும் மருந்தும் ஒரே உறுப்பின் மேல் சேர்ந்து விழுகின்றன. அதைவிட மோசம், வலியும் சூடும் ஓரளவு தணிவதால் “சரியாகிவிட்டது” என்று நினைத்து இரண்டு நாள் போய்விடுகிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண, மலிவான மருந்தில் குணமாகும் நோய் இது. தள்ளிப்போனால் டயாலிசிஸ், செயற்கைச் சுவாசம் வரை போகும். நான்காம் நாள் சிறுநீர் குறைந்து வரும் நோயாளிக்கு, முதல் நாள் மாத்திரை வாங்கித் தந்த நிம்மதியால் எந்தப் பயனும் இல்லை.

கொசு கொண்டுவந்த குழப்பம்

2006 ஜூலையில் அந்தமானில் சிக்குன்குனியா பரவியது. அந்த ஆண்டு தமிழ்நாட்டையும் அது முடக்கிப் போட்டது பலருக்கு நினைவிருக்கும். விரல் மூட்டும் கணுக்காலும் வீங்கி, கட்டிலைப் பிடித்து எழுந்தவர்கள் எத்தனை பேர்! காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வலி விடவில்லை. வலி மாத்திரை வீட்டு அலமாரியில் நிரந்தர இடம் பிடித்ததற்கு அந்தக் காய்ச்சலும் ஒரு காரணம்.

பிறகு டெங்குவும் தீவுகளுக்கு வந்து சேர்ந்தது. இரண்டையும் பரப்புவது ஏடிஸ் கொசுதான். முதல் சில நாட்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: கடும் காய்ச்சல், எலும்பு முறிவது போன்ற வலி, தடிப்பு. ஆனால் டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை மிச்சமிருக்கும் தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும், வயிற்றுச் சுவரை அரித்து ரத்தக்கசிவைத் தூண்டும். அதனால்தான் இந்திய அரசின் டெங்கு சிகிச்சை வழிகாட்டியும் உலக சுகாதார நிறுவனமும் ஒரே குரலில் சொல்கின்றன: டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை மருந்துகள் கூடாது, பாராசிட்டமால் மட்டும். சிக்குன்குனியாவுக்கு வலி மாத்திரை கொடுக்கலாம்தான். ஆனால் டெங்கு இல்லை என்று தெளிந்த பிறகு, டாக்டர் சொன்ன அளவில்.

ஆகவே காய்ச்சலோடு வரும் உடம்பு வலிக்கு முதல் மருந்து பாராசிட்டமால், முதல் வேலை ரத்தப் பரிசோதனை. தமிழ்நாட்டு ஊர்களுக்கும் இது பொருந்தும். சௌல்தாரிக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

உள்ளே போய் என்ன செய்கிறது?

பாராசிட்டமாலும் வலி மாத்திரைதானே என்று கேட்கலாம். வலியையும் காய்ச்சலையும் அது குறைக்கும். வீக்கத்தை, அதாவது அழற்சியை, அது பெரிதாகத் தொடுவதில்லை. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், ஏசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன், மெஃபனாமிக் ஆசிட், நிமெசுலைடு, பைராக்சிகாம், இண்டோமெதசின், கீட்டோரோலாக், எட்டோரிகாக்சிப், ஆஸ்பிரின் ஆகியவை வேறு குடும்பம். ஸ்டீராய்டு சேராத அழற்சி அடக்கும் மருந்துகள் என்று இவற்றைச் சொல்வார்கள்.

ஆஸ்பிரின் 1899-இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1971-இல் லண்டனில் ஜான் வேன் அதைக் கண்டுபிடித்தார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடிபட்ட இடத்தில் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. வலி, சூடு, வீக்கம் எல்லாம் அதன் வேலை. அதைத் தயாரிக்கும் காக்ஸ் என்ற நொதியை இந்த மருந்துகள் முடக்குகின்றன. வலி அடங்குகிறது.

சிக்கல் என்னவென்றால், புரோஸ்டாகிளாண்டின் வலிக்கு மட்டும் சுரப்பதில்லை. இரைப்பைச் சுவரை அமிலத்திலிருந்து காக்கும் வழவழப்புப் படலம் அதனால்தான் உருவாகிறது. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயை விரித்துப் பிடித்திருப்பதும் அதுதான். காயத்தில் ரத்தம் உறையத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கும் இதே நொதியின் உதவி வேண்டும். ஒரு வயலில் தண்ணீர் தேங்குகிறது என்று தலைமதகையே அடைத்தால் மற்ற வயல்கள் காயாதா? வலி மாத்திரை செய்வது அதைத்தான்.

இதிலிருந்து ஒரு தவறான நம்பிக்கையும் உடைகிறது. “சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது”, “ஊசியாகப் போட்டால் வயிற்றைத் தொடாது” என்று பலரும் நம்புகிறார்கள். மருந்து ரத்தத்தில் கலந்த பிறகுதான் காக்ஸை முடக்குகிறது. ஊசியானாலும் ஆசனவாய் வழி மாத்திரையானாலும் இரைப்பையின் காப்புப் படலம் மெலியத்தான் செய்யும். சாப்பிட்டுப் போடுவது எரிச்சலைக் குறைக்கும், அல்சரைத் தடுத்துவிடாது.

வயிறு, சிறுநீரகம், இதயம்

வயிற்றிலிருந்து தொடங்குவோம். இந்த மருந்துகளால் வரும் அல்சர் பல நேரம் வலியே இல்லாமல் வளர்கிறது, ஏனென்றால் வலியை மருந்தே மறைத்துவிடுகிறது. ஒரு நாள் காலை மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்துப் போகும். அல்லது காபித்தூள் கரைத்தது போல வாந்தி வரும். அது ரத்தம். தலைசுற்றி விழுவதற்குள் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். 60 வயதைக் கடந்தவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், ஸ்டீராய்டு அல்லது வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து பல மடங்கு. செட்டில் இருக்கும் அந்தச் சின்ன வெள்ளை ஸ்டீராய்டு மாத்திரையை இங்கே நினைத்துப் பாருங்கள். வலி மாத்திரையோடு அதைச் சேர்த்துத் தருவது வயிற்றின் மேல் வைக்கும் இரட்டைப் பளு.

அடுத்து சிறுநீரகம். ஆரோக்கியமான இளைஞர், நன்றாகத் தண்ணீர் குடித்தபடி இரண்டு நாள் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வெயிலில் வியர்த்துக் கொட்டியவர், வயிற்றுப்போக்கு ஆனவர், சர்க்கரை நோயாளி, முதியவர் போட்டால் கதை வேறு. பிரஷருக்கு டெல்மிசார்ட்டன், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற மாத்திரையும், கூடவே நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் அதன் மேல் டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்வதை மருத்துவர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். மூன்றும் மூன்று பக்கமிருந்து சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். சில நாட்களிலேயே, சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் எகிறிவிடும். பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்ந்தே ஒரே மாத்திரையாக வருவது நம் ஊரில் மிகச் சாதாரணம். அதனால் இரண்டு மாத்திரைதான் சாப்பிடுகிறோம் என்று நினைக்கிறவர் உண்மையில் மூன்றையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது இதயம். மூட்டு வலிக்கு வயிற்றைக் கெடுக்காத அற்புத மருந்து என்று 1999-இல் வந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்து 2004 செப்டம்பர் 30-இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவும் அதே ஆண்டு டிசம்பரில் தடை செய்தது. பிறகு நடந்த ஆய்வுகள், பழைய டைக்ளோஃபெனாக்குக்கும் ஏறக்குறைய அதே ஆபத்து உண்டு என்று காட்டின. நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தொகுத்து 2013-இல் லேன்செட் இதழில் வந்த ஆய்வின் கணக்கு இது: ஆயிரம் பேர் ஓராண்டு முழுக்க அதிக அளவு டைக்ளோஃபெனாக் சாப்பிட்டால், சாப்பிடாதவர்களைவிடக் கூடுதலாக மூன்று பேருக்கு மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு வரும், அதில் ஒருவர் இறப்பார். ஒரு நாள் பல்வலிக்குப் போடுகிறவர் இதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர், மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் தானே வாங்கிப் போடுகிறவர் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

மாரடைப்பைத் தடுக்க டாக்டர் எழுதிக் கொடுத்த 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் வேறு கணக்கு. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதை யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் அதோடு இபுபுரூஃபன் சேர்த்துப் போட்டால் ஆஸ்பிரினின் பாதுகாப்பு குறைந்துபோகலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

ஒரு சாதாரண வலி மாத்திரை அட்டையைக் கையில் எடுங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். திருப்பினால் பொடி எழுத்தில் உண்மையான மருந்து. ‘ஜீரோடால்-பி’ என்றால் ஏசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. ‘காம்பிஃப்ளாம்’ என்றால் இபுபுரூஃபன் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. ‘வோவரான்’ டைக்ளோஃபெனாக். ‘நைஸ்’ நிமெசுலைடு. மாதவிடாய் வலிக்குப் பெண்கள் கேட்டு வாங்கும் ‘மெஃப்டால் ஸ்பாஸ்’ மெஃபனாமிக் ஆசிட்டும் டைசைக்ளோமினும் சேர்ந்தது.

இந்தப் பொடி எழுத்தைப் படிக்காததால் நடப்பது என்ன? காலையில் முதுகு வலிக்கு ஒரு பெயரிலும், மாலையில் பல்வலிக்கு இன்னொரு பெயரிலும், இரவில் காய்ச்சலுக்கு ‘டோலோ’ என்ற பாராசிட்டமாலும் போட்டுக்கொள்கிறவர் ஒரே நாளில் இரண்டு அழற்சி மருந்தையும் மூன்று தடவை பாராசிட்டமாலையும் விழுங்கியிருப்பார். இரண்டு அழற்சி மருந்து சேர்ந்தால் வலி இரு மடங்கு குறையாது; பக்கவிளைவுதான் கூடும். பாராசிட்டமாலுக்கும் எல்லை உண்டு: பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது, குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ உள்ளவருக்கு அதைவிடக் குறைவு. தாண்டினால் கல்லீரல் கெடும்.

அட்டையின் இடது ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. டைக்ளோஃபெனாக் அட்டையில் அந்தக் கோடு இருக்கும். ஆனாலும் அது கேட்டவுடன் கிடைக்கிறது.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமெசுலைடு 2011-இல் தடை செய்யப்பட்டது. நிமெசுலைடும் பாராசிட்டமாலும் கலந்து தண்ணீரில் கரைத்துத் தரும் மாத்திரை 2023 ஜூனில் தடையானது. 2024 ஆகஸ்டில் தடையான 156 கலவை மருந்துகளில் ஏசிக்ளோஃபெனாக் 50, பாராசிட்டமால் 125 சேர்ந்த மாத்திரையும் ஒன்று. 2025 டிசம்பர் கடைசியில் 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நிமெசுலைடு மாத்திரைக்கும் கதவு அடைக்கப்பட்டது. அமெரிக்காவும் பிரிட்டனும் ஜப்பானும் ஒருபோதும் அனுமதிக்காத மருந்து இது. கல்லீரல் பாதிப்பால் ஃபின்லாந்து 2002-லும் அயர்லாந்து 2007-லும் விலக்கிக்கொண்டன. 2023 நவம்பர் 30-இல் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனாமிக் ஆசிட் பற்றி எச்சரித்தது: காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டு, உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவற்றோடு வரும் கடுமையான ஒவ்வாமை சிலருக்கு ஏற்படலாம், மாத்திரை தொடங்கிச் சில வாரம் கழித்தும் அது தலைகாட்டலாம் என்பது அந்த எச்சரிக்கை.

பாறுகள் சொன்ன பாடம்

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று இந்தியா கண்ணெதிரே பார்த்த ஒரு பேரழிவு உண்டு. 1990-களின் தொடக்கம் வரை நம் வானத்தில் கோடிக்கணக்கில் பாறு கழுகுகள் இருந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகள் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துபோயின. வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடப்பட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் எல்லாம் யூரிக் அமிலம் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. 2004-இல் நேச்சர் இதழில் இந்தக் காரணம் வெளிவந்தது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது.

அப்போதும் ஆபத்து தீரவில்லை. மனிதருக்கான 30 மில்லி குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-இல் மனிதர் ஊசியை 3 மில்லி ஒற்றை அளவாக மட்டுமே விற்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவை உறுதி செய்தது. பிறகு ஏசிக்ளோஃபெனாக்கும் கீட்டோபுரோஃபனும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடையாயின. நிமெசுலைடும் அந்த வரிசையில் சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் பாறுகளின் முக்கியப் புகலிடம் நீலகிரிக்குக் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கு.

மனிதச் சிறுநீரகம் பாறின் சிறுநீரகத்தைவிட வலுவானது. ஒரு மாத்திரையில் செயலிழந்துவிடாது. ஆனால் நீர் வற்றிய உடம்பில், ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகத்தில் இதே மருந்து இதே உறுப்பைத்தான் தேடிப் போகிறது. பறவைக்காக 3 மில்லிக்கு மேல் ஊசிக் குப்பி கூடாது என்று நீதிமன்றம் வரை போய்க் காத்த நாம், மனிதருக்காகப் பெயரில்லாப் பொட்டலத்தை இன்னும் அனுமதிக்கலாமா?

யாருக்கு ஆகாது?

சிறுநீரகப் பாதிப்பு, இதயச் செயலிழப்பு, மாரடைப்பு வந்தவர்கள், அல்சர் உள்ளவர்கள், கல்லீரல் முற்றிக் கெட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த அழற்சி அடக்கும் மாத்திரைகளைத் தொடவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஒரே மாத்திரையில் மூச்சுத் திணறல் வரலாம். கர்ப்பிணிகள் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, அதாவது 20 வாரத்துக்குப் பிறகு, இந்த மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். குழந்தையின் சிறுநீரகம் பாதித்துப் பனிக்குட நீர் வற்றும், மாதம் ஏற ஏற இதயக் குழாய் உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. காய்ச்சல் உள்ள குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது வழி திறக்கும்.

‘மூட்டுவலி மூலிகைப் பொடி’, ‘பக்கவிளைவே இல்லாத மாத்திரை’ என்று சொல்லி, உள்ளிருக்கும் மருந்தின் பெயரில்லாமல் விற்பதையும் நம்ப வேண்டாம். மூட்டு வலிக்கான இயற்கைப் பொருள் என்று விற்கப்பட்ட ஒன்றுக்குள் டைக்ளோஃபெனாக்கும் டெக்சாமெதசோன் ஸ்டீராய்டும் மறைத்துக் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் பிடித்து எச்சரித்தது. இரண்டே வேளையில் மந்திரம் போல வலி போனால் சந்தேகப்படுங்கள்.

எப்படிப் போடலாம்?

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த மருந்துகள் வேண்டாதவை அல்ல. சிறுநீரகக் கல் வலியில் துடிப்பவருக்கு டைக்ளோஃபெனாக் ஊசி தெய்வம். முடக்குவாதம், முதுகெலும்பு இறுக்க நோய், கவுட் வீக்கம், மாதவிடாய் வலி ஆகியவற்றில் இவற்றின் பயன் பெரிது. இபுபுரூஃபன் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. யாரும் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. வேண்டியது முறை மட்டுமே.

காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். மழைக்காலத்தில் இரண்டாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் அரசு சுகாதார நிலையத்துக்குப் போய், சேற்றில் வேலை செய்ததை மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வரி டாக்டருக்குப் பாதி நோயைக் காட்டிக் கொடுத்துவிடும்.

காய்ச்சல் இல்லாத தசை வலி, மூட்டு வலிக்கு முதலில் ஓய்வு, வெந்நீர் ஒத்தடம், பயிற்சி. அடுத்து மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல். மாத்திரையோடு ஒப்பிட்டால் அதிலிருந்து மிகக் குறைந்த பங்கே ரத்தத்தில் சேர்கிறது. அதற்கும் அடங்காவிட்டால்தான் மாத்திரை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வகை, குறைந்த அளவு, குறைந்த நாள். இபுபுரூஃபன் என்றால் டாக்டர் சொல்லாமல் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீரோடு. வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் வேண்டாம். மது அருந்திய நாளில் வேண்டாம். மூன்று நாளில் வலி போகாவிட்டால் மாத்திரையை மாற்றாதீர்கள். டாக்டரிடம் காரணத்தைக் கேளுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய நோய் இருந்தால் பிரஷர், கிரியாட்டினின், ஹீமோகுளோபின் மூன்றையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

கறுத்த மலம், ரத்த வாந்தி, சிறுநீர் குறைவது, முகமும் காலும் வீங்குவது, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், தோல் தடிப்பு, கண் மஞ்சளாவது: இதில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பக்கவிளைவைப் புகார் செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, நோயாளியே அழைக்கலாம்.

தீவுக்கு ஏன் கூடுதல் கவனம்?

சென்னையில் ஒரு மருத்துவமனை கைவிரித்தால் அடுத்த தெருவில் இன்னொன்று. தீவுகள் முழுமைக்கும் பெரிய அரசு மருத்துவமனை தலைநகரத்தில் இருக்கும் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான். சௌல்தாரியிலிருந்து அங்கே சாலையில் போய்விடலாம். ஹட் பேயிலிருந்தோ நிக்கோபார் தீவுகளிலிருந்தோ பெரும்பாலும் கடல் அனுமதித்தால்தான் போக முடியும். அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமென்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டிச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ பறக்க வேண்டும். ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டால் தீவுக் குடும்பம் கொடுக்கும் விலை பெருநிலத்துக் குடும்பத்தைவிட மிகப் பெரிது.

ஆகவே மூன்று கோரிக்கைகள். முதலாவது மெடிக்கல் நடத்துகிறவர்களுக்கு: கத்தரித்த செட்டை நிறுத்துங்கள். “காய்ச்சல் இருக்கா? சுகர், பிரஷர், கிட்னிக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா? அல்சர் இருந்துச்சா?” என்று மூன்றே கேள்வி கேளுங்கள். நோயாளி டாக்டரைப் பார்ப்பதற்கு முன் உங்களைத்தான் பார்க்கிறார். அந்தப் பொறுப்பு உங்களுடையது. இரண்டாவது நிர்வாகத்துக்கு: வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்து இந்தத் தீவுகளில் அதிகம் பேசப்படுவது தமிழ். எலிக்காய்ச்சல் எச்சரிக்கையும் வலி மாத்திரை எச்சரிக்கையும் அக்டோபருக்கு முன்பே தமிழிலும் வங்காளியிலும் தெலுங்கிலும் ஒவ்வொரு மருந்துக்கடைச் சுவரிலும் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்தால் எலிக்காய்ச்சல் நோயாக முற்றுவது குறைகிறது என்று வட அந்தமானிலேயே ஆய்வு நடத்திக் காட்டிய மையம் உங்கள் வாசலில் இருக்கிறது. அந்த அறிவு கிராமத்துக் கடைசி வீடு வரை போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது உங்களுக்கு. இன்றைக்கே வீட்டிலுள்ள மாத்திரைப் பெட்டியைத் திறந்து ஒவ்வோர் அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். பெயரில்லாத துண்டுகளைத் தூக்கிப் போடுங்கள். காய்ச்சலோடு வரும் வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், முக்கியமாகச் சேற்றில் இறங்கி வேலை செய்கிறவருக்கு.